குவாரி ஓரத்துக் கற்கால முகாம்: அதன் தொல்லியல் மதிப்பைக் கணிப்பது எப்படி?

இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்தது தெரியவந்ததே ஒரு சரளைக் குழியில்தான். 1863 மே 30 அன்று, பல்லாவரம் ராணுவ மைதானத்தில் சரளை தோண்டி வெளியே போட்டிருந்த மண்ணில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கைக்கோடரியை, அதாவது இரு பக்கமும் தட்டிக் கூராக்கிய கற்கருவியை, கண்டெடுத்தார். அவர் நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்கோடு சேர்ந்து, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள அத்திரம்பாக்கம் கற்கால இடத்தையும் கண்டறிந்தார். இன்றைக்கும் பெரும்பாலான கற்காலக் கருவிகள் மண் வெட்டும் இடங்களில்தான் கண்ணில் படுகின்றன. அங்கேயேதான் அழிந்தும் போகின்றன.

அதற்குக் காரணம் இருக்கிறது. ஆதிமனிதர்களுக்கு வேண்டியிருந்தது உடைத்தால் கூராகத் தெறிக்கும் கல்லும் பக்கத்தில் தண்ணீரும். கொசஸ்தலையாற்றுப் படுகையில் அல்லிக்குழி மலைப் பக்கத்துக் குவார்ட்சைட் கூழாங்கல் அவர்களுக்கு அப்படிக் கிடைத்தது. சாலைக்கு அடியில் கொட்டவும் மனை மேடாக்கவும் இப்போது நாம் தேடுவதும் அதே சரளையைத்தான். எனவே குவாரிக் குத்தகை நிலமும் கற்கால முகாமும் ஒன்றன் மேல் ஒன்று விழுவது தற்செயல் இல்லை.

பல ஆண்டுகளாக இப்படிப்பட்ட மேடுகளில் நடந்து வருகிறேன். தொல்லியல் மாணவர்கள், ஊர் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள், சுரங்கத்துக்கான சுற்றுச்சூழல் அறிக்கை தயாரிப்பவர்கள், கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழுந்து பேச வேண்டிய ஊர்க்காரர்கள் என எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். சட்டம் பற்றிச் சொல்வது இந்தியாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் பொருந்தும். களமுறை எங்கும் பொருந்தும்.

முகாம் என்றால் சுவர், பானை ஓடு, கல்வெட்டு எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஒரு சிறு கூட்டம் சில நாள் தங்கி, கல் உடைத்து, இரை அறுத்துத் தின்றுவிட்டுப் போன இடம் அது. பல தலைமுறை கழித்து இன்னொரு கூட்டம் அதே இடத்துக்குத் திரும்பியிருக்கலாம். மிஞ்சியது கல் சில்லுகள் மட்டுமே. பார்ப்பவருக்கு அது வெறும் பொட்டல்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகாமின் மதிப்பு தனிக் கருவியில் இல்லை. அந்தக் கருவி எந்த மண்ணில், எந்த ஆழத்தில், எந்தச் சில்லுகளுக்குப் பக்கத்தில் கிடக்கிறது என்பதில்தான் இருக்கிறது. பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்த கைக்கோடரி அழகான கல், அவ்வளவுதான். அதனால் கீழே வரும் எல்லாப் படிகளிலும் பொருள் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

1. போவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியது

முதலில் அந்த இடத்தின் புல எண்ணைக் கண்டுபிடியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள வரைபடம், அ-பதிவேடு, பட்டா விவரம் ஆகியவற்றைப் பார்த்தால் நிலம் பட்டாவா, புறம்போக்கா, வனமா என்று தெரிந்துவிடும். குத்தகை எல்லை, காலம், எடுக்க அனுமதித்த ஆழம் ஆகியவற்றைக் கனிமவளத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் கேட்கலாம். கொடுக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதிக்கு விண்ணப்பித்திருந்தால் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் ஆவணங்கள் இருக்கும்.

அப்புறம் பழைய ஏடுகள். இந்தியத் தொல்லியல் துறை 1953-54 முதல் வெளியிட்டு வந்த ஆண்டு மதிப்புரைத் தொகுதிகளில், மாவட்டவாரியாக எந்த ஊரில் கற்கருவி கிடைத்தது என்று ஓரிரு வரி இருக்கும். ஃபூட் சேகரித்தவை சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன, அவற்றின் பட்டியலும் அச்சாகியிருக்கிறது. தூத்துக்குடி, திருநெல்வேலித் தேரிக்காடு என்றால் தொல்லியலாளர்கள் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் 1956-இல் எழுதிய ஆய்வைப் படிக்காமல் போகக் கூடாது. உங்கள் ஊர்ப் பெயர் இவற்றில் ஒரே ஒரு முறை வந்திருந்தாலும் மனுவில் அந்த வரிக்கு எடை அதிகம்.

கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படத்துக்குப் பின்னோக்கிப் போகும் வசதி இருக்கிறது. குழி எந்த ஆண்டில் எவ்வளவு அகலம், எந்தப் பக்கமாக நகர்கிறது, லாரிப் பாதை எப்போது வந்தது என்று வரிசையாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுவே பெரிய சான்று.

2. அனுமதியும் சட்டமும்

பட்டா நிலம் என்றால் உரிமையாளரிடம் கேளுங்கள். இயங்கும் குவாரிக்குள் மேலாளர் சம்மதம் இல்லாமல் காலடி வைக்காதீர்கள். வெடி வைக்கும் நேரம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெட்டிய செங்குத்துச் சுவருக்கு அடியில் நிற்கவே வேண்டாம், மழைக்குப் பிறகு அது எப்போது சரியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அகழாய்வுக்கு இந்தியத் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும். நீங்கள் ஒரு கரண்டி மண்ணைக்கூடக் கிளறக் கூடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொருள்களைத் தொல்பொருள் என்கிறது 1972-ஆம் ஆண்டுச் சட்டம், எனவே பொறுக்கிக்கொண்டு வருவதும் வேண்டாம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தில் 2010-இல் வந்த திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப்பகுதி, அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. ஆனால் இது பட்டியலில் இருக்கும் இடத்துக்கு மட்டும்தான். கற்கால முகாம்களில் மிகப் பெரும்பாலானவை எந்தப் பட்டியலிலும் இல்லை. அதனால்தான் மதிப்பீட்டு அறிக்கைக்கு இவ்வளவு முக்கியத்துவம். அந்த இடத்துக்காகப் பேச வேறு எந்தத் தாளும் கிடையாது.

3. நடக்கும் முறை

நல்ல மழை பெய்து ஓய்ந்த இரண்டு மூன்று நாளில் போங்கள். தூசி கழுவிப் போயிருக்கும், புல் இன்னும் ஏறியிருக்காது. காலையில் வெயில் சாய்வாக விழும்போது சில்லுகளின் விளிம்பு பளிச்சென்று தெரியும்.

நான்கைந்து பேர் 5 மீட்டர் இடைவெளியில் ஒரே திசையில் நேர்கோட்டில் நடங்கள். கருவி தெரிந்தால் எடுக்காமல் பக்கத்தில் சிறு கொடி குத்துங்கள். நடந்து முடிந்து திரும்பிப் பார்த்தால் கொடிகள் எங்கே நெருக்கம், எங்கே கலைவு என்று முகாமின் உருவமே கண்முன் நிற்கும். கொடிகள் நெருங்கிய இடத்தில் ஒரு மீட்டர் சதுரமாகக் கயிறு கட்டி, அதற்குள் எத்தனை சில்லு, எத்தனை கருவி என்று எண்ணுங்கள். இப்படிப் பத்துச் சதுரமாவது வேண்டும். அதில் நாலைந்தைக் கலைவான பகுதியிலும் போடுங்கள். நெருக்கமான இடத்தை மட்டும் எண்ணினால் கணக்கு பொய்யாகிவிடும்.

ஒன்றும் கிடைக்காத கோடுகளையும் குறித்து வையுங்கள். முகாமின் எல்லையைச் சொல்வது அவைதான்.

4. கற்கருவியா, ஜல்லியா?

குவாரி ஓரத்தில் எல்லோரையும் குழப்புவது இதுதான். வெடி வைத்தாலும் கல் சில்லாகத் தெறிக்கும். கிரஷரில் நசுங்கினாலும் சில்லு வரும். ஜேசிபி வாளியின் பல் இடித்தாலும் வரும். இதில் தவறு செய்தால் உங்கள் அறிக்கை முழுவதையும் ஒரே நிமிடத்தில் தள்ளிவிடுவார்கள், எனவே இந்தப் படியில் அவசரம் கூடாது.

மனிதன் தட்டிய சில்லைக் கூர்ந்து பாருங்கள். தட்டுக் கல் பட்ட இடத்தில் சின்னதாக ஒரு மேடை இருக்கும். அதற்கு நேர் கீழே, உள்பக்கத்தில், பெருவிரல் நுனியளவு ஒரு புடைப்பு. அந்தப் புடைப்பிலிருந்து குளத்தில் கல் போட்டதுபோல வளையங்கள் விரியும். திருப்பிப் பார்த்தால் முதுகுப் பக்கத்தில் இதற்கு முன் சில்லுகள் பெயர்த்த தழும்புகள், பெரும்பாலும் ஓர் ஒழுங்கான திசையில் இருக்கும். ஜல்லி அப்படி இருக்காது. கோணல்மாணலாக, நசுங்கிய மூலைகளோடு, தழும்புகள் கண்டபடி ஓடும்.

புடைப்பை மட்டும் நம்பாதீர்கள், இயந்திரம் இடித்தாலும் அது வரலாம். நிறம்தான் நல்ல சாட்சி. பல்லாயிரம் ஆண்டு மண்ணில் கிடந்த முகத்தில் ஒரு பழுப்பு, சில நேரம் செம்புறாங்கல்லின் இரும்புக் கறை ஏறியிருக்கும். புதிதாக உடைந்த முகம் கறை ஏறாத உட்கல்லின் நிறத்தில், தொட்டால் சொரசொரவென்று இருக்கும். எல்லாத் தழும்பும் புதுசு என்றால் அது குவாரிச் சில்லு. எல்லாம் பழுப்பேறியிருந்தால் பழையது. இரண்டும் கலந்திருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

ஒரு கிராவல் குழியின் ஓரத்தில் உள்ளங்கை அளவு கைக்கோடரி ஒன்றைப் பார்த்தேன். இரு பக்கமும் காபிப் பொடி நிறத் தழும்புகள். நுனி மட்டும் இல்லை. உடைந்த இடம் வெளிறிப்போய், மாவு போல் இருந்தது. இரண்டு சாண் தள்ளி லாரி டயர் தடத்துக்குள் அந்த நுனி கிடந்தது. இரண்டையும் படம் எடுத்து இடம் குறித்த பிறகு பொருத்திப் பார்த்தேன், அப்படியே சேர்ந்தது. லட்சக்கணக்கான ஆண்டு முழுசாக இருந்த ஒன்று அந்த வாரம் உடைந்திருக்கிறது. அந்த ஒரு படம் எனக்கு இரண்டு சான்று: இது ஆதிமனிதன் செய்த கருவி, இந்த வண்டிப்பாதை அதை அழித்துக்கொண்டிருக்கிறது.

வெண்கல் என்று நாம் சொல்லும் குவார்ட்ஸ் சிரமமானது. அது தட்டினாலும் ஒழுங்காகப் பெயராது, தானாகவும் உடையும். தேரி மணலில் கிடைக்கும் நுண்கற்கருவிகள் பலவும் 3 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும், அவற்றில் குவார்ட்சும் உண்டு. அங்கே பிறை வடிவம், ஒரு விளிம்பை மழுக்கிய மெல்லிய அலகு, பக்கம் பக்கமாகத் தழும்பு ஓடும் சிறு கருக்கல் (சில்லுகளைப் பெயர்த்தெடுத்த மூலக் கல்) இவற்றைத் தேடுங்கள். ஒரே ஒரு கல்லை வைத்து முடிவு கட்டவே வேண்டாம். கருக்கல், சில்லு, தட்டும் கல், முடித்த கருவி, பாதியில் கைவிட்ட கருவி எல்லாம் ஒரே இடத்தில் கிடந்தால்தான் அது தொழில் நடந்த இடம்.

5. குவாரிச் சுவரைப் படிப்பது

குவாரி நமக்குச் செய்யும் ஒரே உதவி, வெட்டிய சுவர். லட்சக்கணக்கான ஆண்டு மண் அடுக்கு அடுக்காக வெளியே தெரியும். எட்ட நின்று, அளவுகோல் சாத்தி, நேராகப் படம் எடுங்கள். மேலே வண்டல், அதன் கீழே செம்மண், அதன் கீழே இரும்புச் சரளை, பிறகு கூழாங்கல் படிவு, களிமண் என்று இருப்பதை இருப்பதுபோல் வரைந்து ஒவ்வொன்றின் தடிமனையும் எழுதுங்கள். சுவரில் சிக்கியிருக்கும் கருவி ஏதாவது தெரிந்தால் அது எந்த அடுக்கு என்று அம்புக்குறி போடுங்கள். பிடுங்க வேண்டாம். சுவரில் இருக்கும் ஒரு கருவி தரையில் கிடக்கும் நூறு கருவிக்குச் சமம்.

அடியில் உள்ள அடுக்கை வெறும் தாய்ப்பாறை என்று அவசரப்பட்டு ஒதுக்காதீர்கள். அத்திரம்பாக்கத்தில் சரளைக்கு அடியில் இருந்த களிமண்ணை மிகப் பழைய, மனித இனம் தோன்றுவதற்கே முந்திய காலத்துப் படிவம் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் 1999-இல் தொடங்கிய அகழாய்வில் அந்தக் களிமண்ணுக்குள்ளேயே கைக்கோடரிகள் வந்தன. மேலே இருந்த சரளையோடு வேலையை நிறுத்தியிருந்தால் இந்தியாவின் மிகப் பழைய கற்கருவிகளில் சில நமக்குத் தெரிந்தே இருக்காது.

6. கருவிகள் விட்டுப்போன இடத்திலேயே இருக்கின்றனவா?

மதிப்பீட்டின் உயிர்நாடி இந்தக் கேள்வி. ஆற்று வெள்ளம் எங்கிருந்தோ உருட்டி வந்து குவித்த கருவிகளும், மனிதர் உட்கார்ந்து உடைத்துவிட்டு எழுந்துபோன இடத்தில் அப்படியே மண் மூடிய கருவிகளும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம். ஆய்வுக்கு இரண்டும் வெகு தூரம்.

விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். விரலைக் கீறும் கூர்மை என்றால் அது அதிகம் நகரவில்லை. மழுங்கியிருந்தால் கொஞ்சம் உருண்டிருக்கிறது. கூழாங்கல் போல வழவழப்பு என்றால் நெடுந்தூரம் வந்திருக்கிறது. பத்தோ இருபதோ கருவிகளை இப்படிப் பார்த்து எண்ணிக்கை எழுதுங்கள்.

அடுத்தது பொடிச் சில்லு. ஒரு கைக்கோடரியைத் தட்டி முடிக்கும்போது நூற்றுக்கணக்கில் சில்லு தெறிக்கும், அதில் பெரும்பகுதி நகத்தளவுகூட இருக்காது. தண்ணீர் முதலில் அள்ளிக்கொண்டு போவது அந்தப் பொடியைத்தான். எனவே பெரிய கருவி மட்டும் இருந்து பொடியே இல்லை என்றால் சந்தேகப்பட வேண்டும். பெரிதும் பொடியும் சேர்ந்தே கிடந்தால் நல்ல சேதி. நீளமான கற்கள் எல்லாம் ஒரே திசை பார்த்துக் கிடந்தால் ஓட்டத்தின் வேலை என்று கொள்ளலாம். இரண்டு சில்லுகள் ஒன்றோடொன்று, அல்லது ஒரு சில்லு தன் கருக்கல்லோடு பொருந்தினால் அதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

கர்நாடகத்து ஹுன்ஸ்கிப் பள்ளத்தாக்கில் உள்ள இசாம்பூரை நினைத்துக்கொள்ளுங்கள். பாசன வேலைக்காக மேல்மண்ணை எடுத்தபோது வெளிப்பட்ட இடம் அது. பின்னர் கே. பத்தய்யா குழுவினர் அகழ்ந்தபோது, சுண்ணாம்புக்கல் பாளங்களை அங்கேயே பெயர்த்து, அங்கேயே கருவி செய்த பட்டறை அப்படியே கிடந்தது. விலங்குப் பற்களைக் காலக்கணிப்பு செய்ததில் சுமார் 12 லட்சம் ஆண்டு என்று வந்தது. மண்ணை இன்னும் ஒரு முழம் தோண்டியிருந்தால் பட்டறையே போயிருக்கும்.

வெள்ளம் உருட்டி வந்தது என்றாலும் குப்பை என்று எழுதிவிடாதீர்கள். அந்தச் சரளைக்கே காலம் கணிக்க முடியும், மேல் பகுதியில் எங்கோ முகாம் இருக்கிறது என்று அது வழியும் காட்டும்.

7. ஊர்க்காரர்களிடம் பேசுங்கள்

ஆடு மாடு மேய்ப்பவர்கள், டிராக்டர் ஓட்டுநர்கள், ஜேசிபி ஓட்டும் தம்பிகள் ஆகியோருக்கு நிலம் மனப்பாடம். கையில் ஒரு கருவியின் படத்தை வைத்துக்கொண்டு கேளுங்கள். ஒருமுறை ஆடு மேய்க்கும் அம்மாவிடம், “அம்மா, இந்த மாதிரி கல்லு வேற எங்கயாவது கெடக்குதா?” என்று கேட்டேன். “கெடக்குதே தம்பி, அந்த ஓடைக்கு மேல. பசங்க மாங்கா அடிக்கப் பொறுக்கினு வருவானுங்க” என்றார். எங்கள் வரைபடத்தில் வெறுமையாக விட்டிருந்த பகுதி அது. போய்ப் பார்த்தால் முகாமின் நெருக்கமான பகுதியே அங்கேதான் இருந்தது.

இடத்துக்கு ஊரார் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள், அங்கே சாமி கும்பிடுகிறார்களா, யாருடைய மேய்ச்சல் நிலம் என்பதையும் எழுதுங்கள். ஒரு பண்பாட்டு இடத்தின் மதிப்பில் சமூக மதிப்பும் ஆன்மிக மதிப்பும் அடங்கும் என்று, மரபிடங்களைப் பாதுகாப்பதற்கான ஆஸ்திரேலியாவின் வழிகாட்டு ஆவணமான பர்ரா சாசனம் சொல்கிறது. அறிவியல் மதிப்பு மட்டும்தான் மதிப்பு என்று நாமாகவே சுருக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

8. எடை போடுவது

இனி எல்லாவற்றையும் முன்னால் பரப்பி வைத்துக்கொண்டு, இந்த இடம் அழிந்தால் வேறு எங்கும் கிடைக்காத எது போகும் என்று கேளுங்கள். சிலர் பத்துக்கு இத்தனை மதிப்பெண் என்று அட்டவணை போடுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பொடிச் சில்லு உட்பட எல்லாம் அப்படியே இருக்கும் சிறிய முகாம், பரப்பளவுக்குக் குறைவான எண் வாங்கித் தோற்றுவிடும். வாக்கியமாக எழுதுங்கள், காரணம் சொல்லுங்கள்.

நான் முதலில் பார்ப்பது, ஆறாம் படியில் சொன்ன இடம்மாறாத் தன்மை. அடுத்தது காலம் கணிக்க வழி இருக்கிறதா என்பது. மணல் துகள் கடைசியாக வெயில் பட்டது எப்போது என்று ஒளிர்வு முறை சொல்லும். புதைந்த குவார்ட்ஸ் கல்லில் உள்ள அலுமினியம்-26, பெரிலியம்-10 அணுக்கள் அது எவ்வளவு காலமாக மண்ணுக்குள் இருக்கிறது என்று சொல்லும். அத்திரம்பாக்கத்தின் கைக்கோடரி அடுக்குக்கு சுமார் 15 லட்சம் ஆண்டு, எப்படியும் 10 லட்சத்துக்குக் குறையாது என்று 2011-இல் வெளிவந்தது இந்த அணுக்களின் கணிப்பும் மண்ணின் காந்தத் திசை ஆய்வும் சேர்ந்துதான். அதே இடத்தின் மேலடுக்குகளில் 3,85,000 ஆண்டுக்கு முன்பே இடைப் பழைய கற்காலத் தொழில்நுட்பம் வந்துவிட்டதை 2018-இல் காட்டியது ஒளிர்வு முறை. இரண்டுக்கும் வேண்டியது கலையாத மண். கருவியை எடுத்து அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டு மண்ணை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டால் இந்த எண்கள் எதுவும் கிடைத்திருக்காது.

எலும்பு, பல், கரி, சாம்பல் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். நம் செம்மண்ணில் எலும்பு நிற்பது அபூர்வம். அத்திரம்பாக்கத்தில் சில விலங்குப் பற்களும் குளம்புத் தடங்களும் கிடைத்ததை ஆய்வாளர்கள் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டது அதனால்தான். ஒன்றுக்கு மேற்பட்ட காலங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றனவா, அல்லது நன்கு அறிந்த ஓர் அடையாள அடுக்கு இருக்கிறதா என்பதும் முக்கியம். ஆந்திரத்தின் கர்னூல் வட்டாரத்து ஜ்வாலாபுரத்தில், சுமத்ராத் தீவின் தோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுக்கு முன் கக்கிய சாம்பல் படிந்திருக்கிறது. அந்தச் சாம்பலை வெட்டி விற்கும் குழிகளில்தான் அதற்கு மேலும் கீழும் கற்கருவிகள் இருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். உலகையே உலுக்கிய ஒரு வெடிப்பை மனிதர்கள் தாண்டி வந்தார்களா என்ற கேள்விக்கு அந்த மண் பதில் வைத்திருக்கிறது. குழி அகலமாகும்போதெல்லாம் அந்தப் பதிலும் குறைகிறது.

மூன்று தரமாகப் பிரித்தால் போதும். இடம்மாறாத, காலம் கணிக்கக் கூடிய முகாம் முதல் தரம், அங்கே தோண்டவே கூடாது என்று எழுதுங்கள். பகுதி கலைந்து பகுதி நன்றாக இருப்பது இரண்டாம் தரம், உரிமம் பெற்றவர்கள் சோதனைக் குழி போட்டுப் பார்க்கும்வரை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். முழுதும் புரட்டப்பட்ட மண்ணில் கருவிகள் மட்டும் மிஞ்சியிருப்பது மூன்றாம் தரம், முறையாகப் பதிவு செய்து சேகரிக்கச் சொல்லலாம். எந்தத் தரம் என்று உறுதியாகச் சொல்ல முடியாதபோது நான் மேல் தரத்தையே எழுதுவேன். தவறு என்றால் பிறகு இறக்கிக்கொள்ளலாம், மண் போன பிறகு ஏற்ற முடியாது.

இந்த வேலையை எப்போது செய்ய வேண்டும் என்பதற்கு ஜூக்கன் பள்ளத்தாக்கை விடத் தெளிவான பாடம் இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாராவில், புட்டு குன்டி குர்ராமா, பினிகுரா மக்களின் பாறைக் குகைகள் அவை. ரியோ டின்டோ நிறுவனத்துக்கு 2013-இல் அரசு அனுமதி கிடைத்தது. 2014-இல் மீட்பு அகழாய்வு செய்தார்கள். மனிதர் 46,000 ஆண்டாக வந்து போன இடம் என்றும், அங்கே கிடைத்த சுமார் 4,000 ஆண்டுப் பழைய பின்னிய தலைமுடி இன்று வாழும் அந்த மக்களின் முன்னோருடையது என்றும் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. புதிய தகவல் வந்தாலும் கொடுத்த அனுமதியைத் திரும்ப ஆராய அங்கிருந்த 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி இல்லை. 2020 மே 24 அன்று வெடி வைத்தார்கள். உலகமே கண்டித்து, நிறுவனத்தின் தலைமை நிர்வாகி பதவி விலக நேர்ந்தது, ஆனால் குகைகள் திரும்பவில்லை. மதிப்பீடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அனுமதிக்குப் பின்னால் வந்தால் பயனில்லை.

9. சுரங்கம் எந்த வழியில் கெடுக்கும்?

குழியை மட்டும் பார்க்காதீர்கள். நான் பார்த்த வரையில் திறந்தவெளி முகாம்களை அதிகம் அழிப்பது லாரிப் பாதையும், கழிவு மண் கொட்டும் மேடும், எடைமேடையும்தான். குத்தகை எல்லைக்கு வெளியே இருப்பதால் இவை எந்தத் தாளிலும் வராது. குழியிலிருந்து மோட்டார் வைத்து இறைக்கும் தண்ணீர் எங்கே ஓடுகிறது என்றும் பாருங்கள், ஒரே மழைக்காலத்தில் அது ஓடையாகி முகாமை அறுத்துவிடும். பாறைக் குவாரி என்றால் வெடி அதிர்வு பக்கத்துக் குகைகளின் கூரையைப் பாதிக்கும். கருவிகள் பரவிய எல்லையிலிருந்து குறைந்தது 100 மீட்டராவது விடச் சொல்லி எழுதுவது என் வழக்கம். பட்டியலில் இருக்கும் சின்னத்துக்குச் சட்டம் தரும் அதே தூரம் என்பதால் அதிகாரிகளுக்கு அது புரியும்.

10. எழுதுவதும் கொடுப்பதும்

முதல் பக்கம் ஒன்றே போதும், அதிகாரி படிக்கப்போவது அதுதான். இப்படித் தொடங்கலாம்:

“மேற்கண்ட புல எண்ணில் சுமார் இத்தனை ஏக்கரில் பழைய கற்காலக் கருவிகள் பரவியுள்ளன. பத்து இடங்களில் எண்ணியதில் சதுர மீட்டருக்கு இத்தனை முதல் இத்தனை வரை உள்ளன. விளிம்புகள் கூர்மையாகவும் பொடிச் சில்லுகளோடு சேர்ந்தும் இருப்பதால் இவை வெள்ளத்தில் வந்தவை அல்ல என்று கருதுகிறோம். குவாரியின் வடக்குச் சுவரில் தரையிலிருந்து இத்தனை மீட்டர் ஆழத்தில் ஒரு கருவி இன்னும் மண்ணுக்குள் உள்ளது. குத்தகை எல்லை இதிலிருந்து இத்தனை மீட்டரில் உள்ளது. தொல்லியல் துறை நேரில் ஆய்வு செய்யும்வரை இப்புல எண்ணில் மண் எடுப்பதை நிறுத்திவைக்கக் கோருகிறோம்.”

இதற்குப் பின்னால் வரைபடம், அளவுகோலும் வடதிசைக் குறியும் தெரியும் படங்கள், எண்ணிக்கைத் தாள், செயற்கைக்கோள் படங்கள். தெரிந்ததையும் ஊகத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். “உலகின் மிகப் பழைய” என்பது போன்ற சொற்களை அறவே விட்டுவிடுங்கள், ஒரு மிகை போதும் மற்ற எல்லாவற்றையும் சந்தேகிக்க.

மாநிலத் தொல்லியல் துறை, இந்தியத் தொல்லியல் துறையின் வட்ட அலுவலகம், மாவட்ட ஆட்சியர், கனிமவளத் துறையின் மாவட்ட அலுவலகம் என நான்கு இடத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஆட்சியருக்கான நகலைத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குவது இன்னும் நல்லது. சுற்றுச்சூழல் அனுமதி நிலுவையில் இருந்தால் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கும் ஒரு நகல். 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் முதல் படிவத்தில், பண்பாட்டு மதிப்புக்காகப் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் 15 கிலோமீட்டருக்குள் உண்டா என்ற கேள்வி இருக்கிறது. விண்ணப்பத்தில் அதற்கு என்ன பதில் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்து உங்கள் மனுவில் குறிப்பிடுங்கள். 5 ஹெக்டேருக்குக் குறைவான சிறு கனிமக் குவாரிக்கும் இந்த அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் சொல்லியிருக்கிறது. கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால் 30 நாள் முன்னறிவிப்பு வரும். அதில் எழுந்து பேசுங்கள், பேசியதை எழுத்திலும் கொடுங்கள். கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஏறிய ஒரு வரியைப் பின்னால் நீதிமன்றத்தில்கூடக் காட்டலாம்.

துல்லியமான இடக்குறியீட்டை முகநூலிலோ வாட்ஸ்அப் குழுக்களிலோ போடாதீர்கள். கருவி பொறுக்குகிறவர்கள் லாரிக்கு முன்னால் வந்துவிடுவார்கள்.

மனுக் கொடுத்த பிறகு மாதம் ஒருமுறை போய், முதல் நாள் நின்ற அதே இடத்தில் நின்று, அதே கோணத்தில் ஒரு படம் எடுத்து வாருங்கள். வேலி ஓரத்துப் பனைமரம் ஒன்றை அடையாளமாக வைத்துக்கொண்டால் குழியின் விளிம்பு எத்தனை அடி நகர்ந்திருக்கிறது என்று படத்திலேயே அளந்துவிடலாம். தேதியோடு அந்தப் படத்தையும் அதே நான்கு முகவரிக்கு அனுப்புங்கள்.